தட்டுக்கு ஒரு பொட்டு

அந்த மின்னஞ்சல் வரும்வரை கோதண்டபாணிக்குச் சுற்றுச்சூழலோடு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அவர் பாட்டுக்குக் கம்பெனிக் குப்பையைப் பின்பக்கக் காலிமனையில் கொட்டிக் கொளுத்துவார். சுற்றுச்சூழல் பாட்டுக்கு இருமிக்கொண்டு போகும். ஒரே ஒரு மின்னஞ்சல் வந்து இந்த நல்லுறவைக் கெடுத்துவிட்டது.

ஏனாத்தூர் சாலையில், அவருடைய அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தில், தகரக்கூரை வேய்ந்து கம்பெனி நடத்துகிறார் கோதண்டபாணி. வாஷிங் மெஷினுக்கு உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுகளில் சின்னச் சின்னச் சாமான்களைச் செருகி, சால்டர் கம்பியை உருக்கிப் பற்றவைத்து, தட்டுகளில் அடுக்கி அனுப்புகிற வேலை. செய்கிறவர்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். வாங்குகிறவர் ஒரே ஒருவர், ஒரகடம் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி. அதற்குப் பெயர் உண்டுதான். ஆனால் கோதண்டபாணி வாயில் அது எப்போதும் ‘அவங்க’. பொண்ணு கொடுத்த வீட்டைச் சொல்வதுபோல அத்தனை பயபக்தியாகச் சொல்வார்.

‘அவங்க’ அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு இனிமேல் பசுமையாக இருக்கவேண்டும். சால்டரில் காரீயம் கூடாது. பேக்கிங்கில் பிளாஸ்டிக் கூடாது. எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆதிமூலம்வரை சொல்லத் தெரியவேண்டும். முடியாதவர்களுக்கு ஆர்டர் கிடையாது.

ஆர்டர் கிடையாது என்றால் கோதண்டபாணிக்கு வேறு போக்கிடம் கிடையாது. இவர் செய்கிற போர்டை உலகத்தில் வேறு யாரும் வாங்கப்போவதில்லை. வேர்க்கடலைக்குத் திரும்பலாம் என்றால் நிலத்தில் முக்கால்வாசி சிமெண்ட்டாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டில் மோர் ஊற்றிக்கொள்ள மறந்துபோனார். அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

அவருடைய மகள் அபிநயாதான் அந்த மின்னஞ்சலை அவருக்குத் தமிழாக்கிச் சொன்னவள். பொறியியல் படித்தவள், பெங்களூரில் வாக்கப்பட்டவள், வளைகாப்பு முடிந்து பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று தினம் அப்பாவோடு கம்பெனிக்கு வந்துவிடுவாள். வந்தவளைச் சும்மா விடுவாரா? ‘பசுமை அதிகாரி’ என்று ஒரு பலகை எழுதி அவள் மேஜைமேல் வைத்துவிட்டார். சம்பளம் மட்டும் வைக்கவில்லை.

“காரீயம் ரொம்ப கெட்டதுப்பா,” என்றாள் அபிநயா. “தூக்கிப் போட்ட மெஷின்ல இருந்து மண்ணுல எறங்கும். தண்ணியில கலக்கும். சின்னக் கொழந்தைங்களுக்கு மூள வளர்ச்சியே கொறஞ்சிடும். வயித்துல இருக்கிற கொழந்தையக்கூட வுடாது.”

“ஏம்மா, ஐரோப்பாக்காரன் இன்னா, மெஷின தொறந்து போர்ட நக்கிக்கினா இருக்கப்போறான்?”

“அப்பா!”

“சரி, சரி. அவன் ஊட்டுக் கொழந்தைக்காவ நாம மாறுவோம். ஆர்டர் வந்தா சரி.”

மாறினார். சொல்லக் கூடாது, முழு மூச்சாக மாறினார். பழைய சால்டர் சுருள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து விற்றுவிட்டு, காரீயம் இல்லாத புதுச் சால்டர் வாங்கினார். கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகளும், அவற்றின்மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் உறையும் போய், பழைய காகிதத்தைக் கூழாக்கி வார்த்த தட்டுகள் வந்தன. பார்க்க முட்டை வைக்கிற அட்டையைப்போல இருக்கும். குப்பை கொளுத்துவதை நிறுத்தினார். அந்த இடத்தில் நாலு வேப்பங்கன்று நட்டுப் படம் எடுத்து ‘அவங்க’ளுக்கு அனுப்பினார். படம் போய்ச் சேர்ந்த அன்றே ஆடுகள் வந்து வேலையை முடித்துவிட்டன என்பது தனிக்கதை.

எல்லாவற்றையும் மாற்றியவர் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது அவருடைய பக்தி. கோதண்டபாணியின் பக்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். தினம் காலையில் குளித்துவிட்டு வீட்டில் பூஜை முடித்து, மனைவி தேவகிக்கும் மகளுக்கும் தன் கையாலேயே நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைப்பார். கம்பெனிக்கு வந்ததும் அங்கே ஒரு சுற்று. கம்ப்ரசருக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, யுபிஎஸ்ஸுக்குப் பொட்டு. கைரேகை வைத்து வருகை பதிகிற இயந்திரத்துக்குக் கண்ணாடிமேலேயே பொட்டு வைத்து, ஒரு வாரம் யாருமே வேலைக்கு வரவில்லை என்று அது கணக்குக் காட்டியது. பிறகு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நெற்றிக்கு ஆளுக்கொன்று. கடைசியாக, வெளியே போகிற சரக்குத் தட்டுக்கு.

குங்குமத்திலும் அவருக்குத் தேர்வு உண்டு. கோயிலில் கொடுக்கிற குங்குமம் மஞ்சளில் செய்தது, கறுத்துப்போகிறது, மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடுகிறது என்று அவருக்கு மனக்குறை. ஏதோ ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில், பழுத்த மிளகாய் நிறத்தில் ஒரு குங்குமம் கண்டுபிடித்தார். விலையும் சல்லிசு. வைத்தால் சாயங்காலம்வரை பளபளவென்று நிற்கும். மூட்டையாக வாங்கி வீட்டுக்கும் கம்பெனிக்கும் பொட்டலம் போட்டுக்கொண்டார். சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பார். பார்த்தார்.

எல்லாம் முடிந்து முதல் பசுமைச் சரக்கு போயிற்று. பெரிய கம்பெனி முதல் தட்டை எடுத்துச் சோதித்துப் பதில் அனுப்பியது. காரீயம் இருக்கிறது, அதுவும் ஏகத்துக்கு இருக்கிறது என்று.

கோதண்டபாணிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. யாரோ பழைய சால்டரைத் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். யார்? சந்தேகம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் அதற்கு யாரும் வழிகாட்டத் தேவையில்லை, அது தானாகவே காலனிப் பக்கம் நடந்துபோகும். சுகாசினி காலனிக்காரி. தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, குங்குமக் கிண்ணம் தன் பக்கம் வரும்போது “எனக்கு வேணாம் மொதலாளி” என்று சிரித்துக்கொண்டே நெற்றியை நகர்த்திக்கொள்கிறவள். பற்றவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் ஆளில்லை. புதுச் சால்டர் வந்த அன்றைக்கே, “இன்னா மொதலாளி இது, எரும மாதிரி படுத்துக்குது, ஓடவே மாட்டேங்குது” என்று ஊர் கேட்கச் சொன்னவளும் அவள்தான். வேறென்ன சாட்சி வேண்டும்?

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டார்.

“பழைய சால்டர எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?”

“பழைய சால்டரா? ஒரு சுருள் வுடாம நீங்கதான வித்தீங்க? அப்புறம் நான் இன்னா, என் பல்ல புடுங்கியா பத்தவெச்சேன்?”

“வாய் பேசாத. பொட்டு வெக்காதவள உள்ள வுட்டதே தப்பு. அம்மனுக்கே ஆவாதவ கம்பெனிக்கு எப்டி ஆவா? போ, நாளையில இருந்து வராத.”

சுகாசினி மேலங்கியைக் கழற்றி, மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். அபிநயா அன்றைக்கு டாக்டரிடம் போயிருந்தாள். மறுநாள் விஷயம் தெரிந்து அப்பாவோடு சண்டை போட்டாள். “ஒரு ஆதாரமும் இல்லாம எப்டிப்பா?” என்று கேட்டதற்கு, “ஆர்டர் போனா நீ வந்து சோறு போடுவியா?” என்று மடக்கிவிட்டார். உள்ளுக்குள் அவருக்குமே கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலுக்கு மருந்தாக மறுநாள் பூஜையில் இன்னொரு தேங்காய் உடைத்தார்.

சரி, பீடை தொலைந்தது என்று இரண்டாவது சரக்கை அனுப்பினார். இந்தத் தடவை ஒரு தட்டுகூடத் தப்பக் கூடாது என்று, முதல் தட்டுக்கு மட்டும் வைக்கிற பொட்டை எல்லாத் தட்டுக்கும் வைத்தார். காகிதத் தட்டு குங்குமத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக்கில் இந்த வசதி இல்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது பதில் வந்தது. காரீயம் முன்னைவிட அதிகம். வெள்ளிக்கிழமை எங்கள் ஆள் நேரில் வருவார், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காரணம் தெரியவில்லை என்றால் ஆர்டர் ரத்து.

வந்த ஆள் பெயர் பிரேம்நாத். மெல்லிசான ஆள், மெல்லிசான குரல். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். அதை ஒரு பொருள்மேல் வைத்து விசையை அழுத்தினால், அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் புதுசில்லை.

“ஜரிகையில தங்கம் எவ்ளோ, செம்பு எவ்ளோன்னு சொல்ற மெஷின்தான இது?” என்றார் கோதண்டபாணி. “எத்தினி பட்டுக்கடைக்காரன் மானத்த வாங்கினது!” சொல்லிக்கொண்டே பிரேம்நாத் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். அப்படியே துப்பாக்கி நெற்றிக்கும் ஒன்று வைக்கப் போனார்.

“மெஷினுக்கு வேணாம் சார்,” என்று பிரேம்நாத் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அபிநயா அன்றைக்குப் பூஜைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று தன் அறையிலேயே இருந்துவிட்டாள். துப்பாக்கி கதிர் விடுகிற சாமான் என்பதால் பிள்ளைத்தாய்ச்சி கிட்டே வரக் கூடாது என்று பிரேம்நாத்தும் சொல்லிவிட்டார். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சால்டரைச் சோதித்தார் பிரேம்நாத். சுத்தம். வரிசையில் இருந்த போர்டுகளைச் சோதித்தார். சுத்தம். சரக்கறையில் அடுக்கியிருந்த காலித் தட்டுகளும் சுத்தம். சுகாசினி பற்றவைத்த போர்டுகள் பழுது பார்க்கவென்று ஓர் ஓரமாகக் கிடந்தன. அவையும் சுத்தம். கோதண்டபாணி அதைக் கேட்டும் கேளாததுபோல் கூரையைப் பார்த்தார். கடைசியில் லாரியில் ஏற்ற வாசலில் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றைச் சோதித்ததும் திரை சிவந்து கத்தியது.

“சார், உள்ள இருக்கிற தட்டு க்ளீன். வாசல்ல இருக்கிற தட்டு ஃபெயில். நடுவுல என்ன நடக்குது?”

“நடுவுல இன்னா நடக்கும்? இந்தா, இங்கேர்ந்து அங்க தூக்கிக்கினு போறாங்க, அவ்ளோதான்,” என்ற கோதண்டபாணி, ஃபெயிலான தட்டுக்கு முதலில் வைத்த பொட்டு சரியாகப் படவில்லையோ என்ற கவலையில், கிண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டு அதற்கு இன்னொரு பொட்டு வைத்தார்.

பிரேம்நாத் அந்த விரலைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபிநயாவும் பார்த்தாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். கோதண்டபாணி மட்டும்தான் பார்க்கவில்லை.

“அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் குடுங்க சார்.”

குங்குமத்தின்மேல் வைத்து அழுத்தினார். வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினார். மூன்றாவது தடவை அழுத்திவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

“சார், இது குங்குமமே இல்ல. காரீயத்துல செய்யற செவப்புப் பவுடர், இரும்புக் கேட்டுக்குத் துரு பிடிக்காம அடிப்பாங்களே, அது. முன்னாடி தட்டுமேல பிளாஸ்டிக் கவர் சுத்தி இருந்ததால பொட்டு கவரோட போயிருக்கும். இப்ப காகிதத் தட்டு உறிஞ்சிக்குது.” அவர் முகத்தில் காரணம் கண்டுபிடித்த சந்தோஷம் பொங்கியது. “ரொம்ப சிம்பிள் சார். பொட்டு வைக்கறத நிறுத்திடுங்க. புதுத் தட்டுல மாத்தி அடுக்குங்க. நான் செக் பண்ணிட்டு ஓகே போட்டுடறேன்.”

கோதண்டபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆர்டர் தப்பித்தது! வேர்க்கடலை நிலம் தப்பித்தது! கேட்டுக்கு அடிக்கிற சாயத்தைத் தூக்கி ‘அவங்க’ளுக்கு அனுப்பிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தாலும், வெட்கத்தால் யாருக்கும் ஆர்டர் ரத்தாவதில்லை. நல்ல சேதி சொல்ல மகள் பக்கம் திரும்பினார்.

அபிநயா சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் அவர் காலையில் வைத்த பொட்டு. வகிட்டில் இன்னொன்று.

வளைகாப்பிலிருந்து இன்றுவரை ஒரு நாள் தவறாமல் வைத்தாரே! ஐரோப்பாக்காரன் பிள்ளைக்காக மாறியவர், தன் வீட்டுப் பிள்ளைக்குத் தினம் ஒரு பொட்டு விஷம் அளந்து வைத்திருக்கிறார். உடனே தேவகிக்கு ஃபோன் போட்டார்.

“தேவகி, நெத்தியில இருக்கிற குங்குமத்த ஒடனே அழிச்சிடு.”

மறுமுனையில் நடுங்கிய குரலில், “நீங்க உசுரோடதான பேசறீங்க?” என்று கேட்டாள் தேவகி.

“உசுரோடதான்டி இருக்கேன்! குங்குமத்துல வெஷம் இருக்குதாம். ஊட்டுல இருக்கிறது எது? நான் வாங்கினதா, கோயில்ல குடுத்ததா?”

“ரெண்டத்தையும் ஒண்ணாத்தான கொட்டி வெச்சிருந்தேன். எது மேல எது கீழன்னு எனக்கு இன்னா தெரியும்?”

கோதண்டபாணி அந்தச் சந்தேகத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தது கோயில் குங்குமமாக இருக்கலாம். மகளுக்கு வைத்ததெல்லாம் அதுவாகவே இருக்கலாம். “அந்த டப்பாவ அப்டியே ஆட்டோவுல குடுத்து அனுப்பு,” என்றார்.

“வெஷம்னு சொன்னதும் தண்ணியில கரைச்சு சாக்கடையில ஊத்திட்டேனே.”

மிச்சம் இருந்தது மகளுடைய நெற்றி மட்டும்தான். “தம்பி, அந்தத் துப்பாக்கிய எம் பொண்ணு நெத்தியில வெச்சுப் பாரு,” என்றார்.

பிரேம்நாத் பதறிப்போனார். “ஐயோ, ஆள் மேல காட்டவே கூடாது சார். அதுவும் அவங்கமேல! அதோட...” கொஞ்சம் தயங்கினார். “நெத்தி எங்க ஸ்கோப்ல வராது சார்.”

“அப்டின்னா?”

“நாங்க போர்டு, தட்டு, பேக்கிங்தான் பாக்கணும். ஆளுங்க அதுல வர மாட்டாங்க.”

கோதண்டபாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி தன்மேல் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதனாலேயே குரல் இரண்டு மடங்காக உயர்ந்தது. “தட்டுல பட்டா கத்துவே, தட்ட தூக்குறவ மேல பட்டா கத்த மாட்டியா? யோவ் வாட்ச்மேன், அந்த கேட்ட இழுத்து சாத்து! இவரு பாத்துச் சொல்லாம லாரியும் போவக்கூடாது, இவரும் போவக்கூடாது!” ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் ஆளைத் தன் கேட்டுக்குள் பூட்டுகிறோம் என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை.

பிரேம்நாத் மெல்லிசான ஆளே தவிரக் கெட்ட ஆள் இல்லை. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஈரமான வெள்ளைத் துணித்துண்டால் ஒவ்வொருவர் நெற்றியையும் துடைத்து, அந்தத் துண்டைச் சோதிக்கலாம். ஆனால் துடைக்கிற கை சுத்தமாக இருக்கவேண்டும். அந்தக் கையில் ஏற்கெனவே அந்தப் பவுடர் இருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

சுத்தமான கைக்கு எங்கே போவது? பெண்கள் எல்லாரும் அன்று காலை குங்குமம் இட்டுக்கொண்டவர்கள், தொட்டுத் தொட்டுச் சரிசெய்தவர்கள். வாட்ச்மேன் கை, லாரி டிரைவர் கை, பிரேம்நாத்தே நெற்றியைச் சொறிந்த கை. கோதண்டபாணி கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் கம்பெனியில் அந்தக் குங்குமம் படாத ஒரே ஆள் யார் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அபிநயா ஃபோனை எடுத்தாள்.

சுகாசினி இதற்குள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கடைச் சீருடைப் புடவையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அபிநயா நடந்ததை முழுக்கச் சொன்னாள். சுகாசினி சிரிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அபிநயாவின் வயிற்றைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நேராகக் கோதண்டபாணி முன்னால் வந்து நின்றாள்.

“செய்யறேன் மொதலாளி. அபிக்காவ செய்யறேன். ஆனா அன்னிக்கு இத்தினி பேரு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க இல்ல? அத இத்தினி பேரு முன்னாடி திருப்பி எடுத்துக்கோங்க. அப்புறம்தான் துணியத் தொடுவேன்.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா, நேரம் ஆவுது...”

“நேரம் எனக்கா ஆவுது?”

கோதண்டபாணி வார்டு தேர்தலில் தோற்றபோதுகூடத் தோற்றதாக ஒப்புக்கொள்ளாதவர். தொண்டையைச் செருமினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “ஏதோ கோவத்துல... ஆர்டர் போயிடுமோன்னு...” என்று இழுத்தார். சுகாசினி அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மகளைப் பார்த்தார். பிறகு வார்த்தைகள் அவரை அறியாமல் உடைந்து கொட்டின. “தப்பு எம் மேலதான்மா. உன் கை சுத்தமான கை. உன்னப் போயி பொட்டு வெக்காதவன்னு சொன்னேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்.”

“செருப்பெல்லாம் வேணாம். சோப்பு எங்க?” என்றாள் சுகாசினி.

அதற்குமேல் ஒரு சிக்கல் வந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நெற்றிப் பொட்டை அழிக்கக் கல்யாணமான பெண்கள் யாரும் முன்வரவில்லை. வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ‘ஆனா ஆவட்டுமே’ என்று ஒரு குரல் வந்து பெரிய சிரிப்பு எழுந்தது. குரல் யாருடையது என்பதைக் கடைசிவரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. முடிவில் வரிசையிலேயே மூத்தவளான கங்கையம்மாள் தன் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். துடைத்த மறுநொடியே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் சாமிக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியாது என்று சட்டம் இயற்றப்பட்டது.

பிரசாதம் வாங்குவதுபோல வரிசை நின்றது. சுகாசினி துடைக்க, பிரேம்நாத் எடுத்துப்போய்த் தள்ளி வைத்துச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்கச் சுகாசினி தன் நெற்றியையே முதலில் துடைத்துக் கொடுத்தாள். அதில் ஒன்றுமே இல்லை. கங்கையம்மாள், ஃபெயில். அவளுக்கு அடுத்தவள், ஃபெயில். அதற்கடுத்தவளும் ஃபெயில். வாட்ச்மேன் ஃபெயிலானதும் ஏதோ பரீட்சையில் தோற்றதுபோல வருத்தப்பட்டார். பிரேம்நாத் தன் நெற்றித் துண்டையும் வைத்துப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தவர், தேய்த்துக்கொண்டே இருந்தார். ஸ்கோப் பற்றி அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கடைசியாகச் சுகாசினி அறைக்குள் போய் அபிநயாவின் நெற்றியைத் துடைத்தாள். வகிட்டுக்குத் தனித் துண்டு எடுத்தாள். கோதண்டபாணி அம்மனிடம் பேரம் பேச ஆரம்பித்தார். ஆர்டர் போனால் போகட்டும், கம்பெனி போனால் போகட்டும், இது மட்டும் கோயில் குங்குமமாக இருக்கட்டும். அவர் அம்மனிடம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தள்ளுபடி கேட்காமல் பேசினார்.

பிரேம்நாத் விசையை அழுத்தினார். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய எண் அதுதான். வகிட்டைத் துடைத்த துண்டில் அதைவிடப் பெரியது வந்தது. கம்பெனிப் பெண்களுக்கு அவர் அவசரத்தில் ஒரு தீற்றுத்தான் தீற்றுவார். மகளுக்கு நின்று, நிதானமாக, அழுத்தி, ஆசையாக வைப்பார்.

அபிநயா ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பேசியிருந்தாள். “நாளைக்கு காலையில ரத்தம் குடுக்க வரச் சொல்லியிருக்காங்க. பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உதடுதான் சொன்னபடி கேட்கவில்லை.

“கண்ணு...” என்று கோதண்டபாணி அறைக்குள் போய் அவள் தலையைத் தடவக் கையை நீட்டினார்.

அபிநயா பின்னால் நகர்ந்துகொண்டாள். “தொடாதப்பா.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து அவர் கைக்கு விலகாத பிள்ளை. தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை ரேகைகளில் சிவப்பு, நகக்கண்ணில் சிவப்பு, கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். சுகாசினி பின்னாலேயே போய்ச் சோப்பை அவர் கையில் படாமல் தொட்டிவிளிம்பில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.

பிரேம்நாத் புதுத் தட்டுகளைச் சோதித்து முடித்து வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னார். “சார், எல்லாம் க்ளீன். ஓகே போட்டுட்டேன். ஆர்டர் உங்களுக்குத்தான் சார்!”

“இருப்பா,” என்றார் கோதண்டபாணி, திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே. “இன்னும் போவல.”